அடி விழாத ஆட்டம்

குணசீலனுக்குப் பேய் என்று பெயர் வைத்தது எந்த செட் பையன்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஒரு செட் வைத்துவிட்டுப் போனது. அடுத்து வந்தவர்கள் பெட்டியும் பாயும் உள்ளே வைத்த கையோடு அந்தப் பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் இருக்கிற ஒரு தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அவன் பதினோரு வருஷமாக வார்டன். வயது முப்பத்தேழு. வார்டன் என்றால் 'அவர்' என்று மரியாதை போட்டு எழுதத்தான் வேண்டும். கை வரவில்லை.

விடுதிக்குள் அவன் செருப்புப் போடமாட்டான். வெறுங்காலோடு மாடிப்படி ஏறுவான், வராந்தாவில் நடப்பான், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கப் பேச்சைக் கேட்பான். பையன்கள் திரும்பிப் பார்க்கும்போது முதுகுக்குப் பின்னால் இருப்பான். பேய் என்று தன்னைச் சொல்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பிறந்தது எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அப்பா மயில்சாமிக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருந்தது. பதின்மூன்று வயதில் மகனைக் கொண்டுவந்து இதே மாதிரி வேறொரு விடுதியில் சேர்த்தார். மூன்றாவது வாரம் பையன் ஆபீஸ் போனில் அழுதான். "வகுறு நோகுதுங்கப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க" என்றான். மயில்சாமி அலறியடித்து வந்தார், டாக்டரிடம் காட்டினார், ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். உண்மையிலும் ஒன்றுமில்லை, பையன் சொன்னது பொய். அன்றைக்குச் சாயங்காலமே கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டு, "படி சாமி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். குணசீலன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் உள்ளே போய்ச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு அவனை எதுவும் தொடவில்லை. ஸ்கேலால் அடித்தார்கள், முட்டி போடச் சொன்னார்கள், மார்க் குறைந்ததற்கு எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்தார்கள். வாங்கிக்கொண்டு நின்றான். டாக்டர் சீட்டு கிடைக்கவில்லை என்று ஆனபோதும், இன்ஜினியரிங்கில் அரியர் மேல் அரியர் விழுந்தபோதும், அப்பா செத்தபோதும் அப்படியே நின்றான். கட்டி வந்த பிரவீனா இரண்டு வருஷம் பார்த்துவிட்டு ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். "அவுரு அடிக்கலீங்க, வையலீங்க. சண்டை போட்டாக்கூட ஒறைக்கறதில்லீங்க. ஊட்ல ஆளே இல்லாத மாதிரி இருக்குதுங்க" என்று பஞ்சாயத்தில் அவள் சொன்னாள். குணசீலன் தலையாட்டினான். அவள் சொல்வது சரிதானே என்று அவனுக்குத் தோன்றியது.

இப்படி ஒரு ஆளை விடுதிக்கு வார்டனாகப் போட்டால் என்ன ஆகும்? நன்றாகத்தான் நடக்கும். தாளாளருக்கு அவனைப்போல ஒருத்தன் கிடைக்கமாட்டான். முதல் மாசம் அழுகிற பிள்ளைகளைப் பார்த்து அவன் கண் கலங்கியதே இல்லை. 'நான் அழுது அடங்கலையா, இவனும் அடங்குவான்' என்பதுதான் அவனுக்குத் தெரிந்த மனோதத்துவம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பையனிடமாவது செல்போன் பிடிபட்டால், திங்கட்கிழமைக் காலைப் பிரேயரில் அவனை மேடைக்குக் கூப்பிடுவார்கள். ஒரு அம்மிக் குழவி அதற்கென்றே மேடைக்கு அடியில் கிடக்கும். பிடிபட்டவன் தன் கையாலேயே அந்தக் குழவியைத் தூக்கித் தன் போனை உடைக்கவேண்டும். ஆயிரத்து இருநூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரே அடியில் உடையாவிட்டால் மறுபடி தூக்கச் சொல்வார்கள்.

கார்த்திகை மாசத்தில் ஒரு சனிக்கிழமை, கலையரசன் என்கிற பிளஸ் டூ பையனின் தலையணைப் பஞ்சுக்குள் குணசீலனின் கை ஒரு போனைத் தடவி எடுத்தது. மல்லசமுத்திரத்துப் பக்கத்துப் பையன். தாய் இல்லை. அப்பா பெரியசாமி போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். தீபாவளி முடிந்ததும் வண்டி மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்பிவிடும், மழைக்காலம் வந்தால்தான் திரும்பும். "போனு யாரு குடுத்தா? உங்கப்பனா? அந்தாளையும் வரச்சொல்லி மன்னிப்பு எழுதி வாங்கி டி.சி.யைக் கையில குடுத்துருவேன்" என்றான் குணசீலன். "இல்லீங்க சார், பழைய சீனியர் ஒருத்தர்கிட்ட வாங்குனதுங்க" என்று பையன் பொய் சொன்னான். அந்தப் பொய்தான் பிறகு அவன் வாயைக் கட்டிப்போட்டது.

மறுநாள் ஞாயிறு. நாலு மணிக்குப் பையன்கள் மைதானத்தில் இருந்தார்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தன் அறையில் குணசீலன் கட்டிலில் கிடந்தான். மேசை மேல் இருந்த அந்தப் போன் அதிர்ந்தது. திரையில், 'அப்பா உங்களைக் களத்துக்கு அழைக்கிறார்' என்று வந்தது. பூதக்களம் என்று ஒரு விளையாட்டு. ஆளுக்கு மூன்று பூதம் வைத்துக்கொண்டு சண்டைக்கு விடவேண்டும். பையன் விரலால் கோடு போட்டுப் பூட்டைத் திறப்பதை நேற்றே பார்த்து வைத்திருந்ததால் குணசீலனுக்கு உள்ளே போவது சிரமமாக இல்லை. வேடிக்கைதானே என்று 'வருகிறேன்' என்பதை அமுக்கினான்.

பையனின் மூன்று பூதமும் பேய் இனம். முதலில் வந்தது ஊமைச்சி. வாயில்லாத, முடி விரித்த ஒரு வெள்ளை உருவம். எதிரில் அப்பன் அனுப்பியது மொட்டைக்காளை, சாதா இனம். காளை ஓடிவந்து முட்டியது. ஊமைச்சியின் உடம்புக்குள் புகுந்து அந்தப் பக்கமாகப் போய் நின்றது. 'பாதிப்பு இல்லை' என்று எழுத்து வந்தது. ஊமைச்சி திருப்பி அடித்தது. அதற்கும் 'பாதிப்பு இல்லை'. மறுபடி முட்டல், மறுபடி அடி. அரை மணி நேரம் ஒரு சொட்டு உயிர் இரண்டு பக்கமும் குறையவில்லை. என்ன முட்டாள் அப்பன் இவன், பேயிடம் சாதாவை விடுகிறானே என்று நினைத்தான் குணசீலன்.

அப்போது கீழே ஒரு வரி வந்தது. 'சாமி, சாப்ட்டியா?'

குணசீலன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனை யாரும் சாமி என்று செல்லமாகக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. மயில்சாமி கேட்டில் சொன்னதுதான் அவன் நெஞ்சில் நின்ற கடைசி சாமி. விரல் தானாகப் போய், 'சாப்ட்டனுங்கப்பா' என்று தட்டியது.

அதற்கப்புறம் அவன் மேலே தள்ளிப் பழைய பேச்சையெல்லாம் படித்தான். மூன்று மாசத்துப் பேச்சு இருந்தது. ஓரிடத்தில் பையன் எழுதியிருந்தான்: 'ஹாஸ்டல் போன்ல நான் சொல்றத நம்பாதீங்கப்பா. பேய் பக்கத்துலயே நின்னு கேக்கும். நல்லா இருக்கேன்னுதான் சொல்லியாகணும். இங்க நான் சொல்றதுதான் நெசம்.' அப்பன் பதில் போட்டிருந்தான்: 'சரி சாமி. இங்க சொன்னா மட்டும்தான் நம்புவேன்.' பேய் என்ற சொல்லைப் பார்த்ததும் குணசீலன் சிரித்தான்.

திங்கட்கிழமை மேடையில் கலையரசன் குழவியைத் தூக்கினான். அவன் முன்னால் கிடந்தது அவனுடைய நீல உறை போட்ட போன். உறை மட்டும்தான் அவனுடையது. உள்ளே இருந்தது அலமாரியில் வருஷக்கணக்காகச் செத்துக் கிடந்த வேறொரு போன். குணசீலன் பள்ளிக்கூடத்துக்குத் துரோகம் செய்தது அந்த ஒரு தடவைதான். பையன் இரண்டாவது அடியில் உடைத்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். தன் போன் செத்தது என்று அவன் நம்பினான்.

வகுப்பு நடக்கிற நேரத்தில் வார்டனுக்கு வேலையில்லை. குணசீலன் கதவைச் சாத்திக்கொண்டு பேய்களின் பலத்தைப் படித்தான். படிக்கப் படிக்க, யாரோ தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள் என்றே அவனுக்குத் தோன்றியது. சாதா இனத்தின் அடி பேய் மேல் விழாது. மல்லன் இனம் குத்தினாலும் உதைத்தாலும் விழாது. எந்தக் கட்டுப் போட்டும் பேயைப் பிடித்து வைக்க முடியாது, நினைத்தபோது களத்தை விட்டுப் போகும். அதற்கு 'சாபம்' என்று ஒரு வித்தை தெரியும். தன் உயிரில் பாதியைக் கொடுத்துச் சாபம் போட்டால், எதிரியின் உயிர் ஒவ்வொரு சுற்றுக்கும் கால்வாசி கால்வாசியாகப் போகும். பாதி உயிர் போவதைக் குணசீலன் ஒரு நஷ்டமாகவே நினைக்கவில்லை.

இன்னொரு வித்தைக்குப் பெயர் 'துணைக்கு வா'. அதைச் சொல்லிவிட்டு ஒரு பேய் விழுந்தால், விழ அடித்தவனையும் இழுத்துக்கொண்டுதான் விழும். பேய்க்கு உண்மையான எதிரி ஒன்றே ஒன்று, இன்னொரு பேய். பேயைப் பேய் அடித்தால் அடி இரட்டிப்பாக விழும். முப்பது விநாடிக்குள் நீ எதையும் தொடாவிட்டால் ஆட்டமே ஒரு அடியை எடுத்து அடித்துவிடும் என்பதையும் அவன் தெரிந்துகொண்டான்.

எங்கெங்கோ இருந்து வருகிற முகம் தெரியாதவர்களோடு மோதி அவன் நிறைய ஜெயித்தான். எதிரியின் பூதம் சாபத்தில் கால் கால் உயிராகக் கரைவதைப் பார்க்க அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வாரம் பூராவும் அவன் காத்துக்கிடந்தது ஞாயிறு நாலு மணிக்குத்தான். மூன்றாவது ஞாயிறுதான் அவனுக்கு உறைத்தது. பெரியசாமி முட்டாள் இல்லை. மகனிடம் பேய், அப்பனிடம் சாதா. இவன் அடி அவன் மேல் விழாது, அவன் அடி இவன் மேல் விழாது. ஆட்டம் முடியவே முடியாது. முடியாமல் இருந்தால்தானே பேசிக்கொண்டே இருக்கலாம். ஒருத்தரை ஒருத்தர் அடிக்க முடியாத சண்டையை அப்பனும் மகனும் யோசித்துப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்.

வெட்கப்பட வேண்டிய இடம் அது. அந்த நிமிஷமே போனைப் பையன் கையில் கொடுத்திருக்கலாம். குணசீலனுக்கு வந்தது பொறாமை. மேலே முப்பத்திரண்டாம் அறையில் ஒரு பையன் இத்தனை நாளாக இதை வைத்துக்கொண்டிருந்தான், தன் பதின்மூன்று வயதில் தனக்கு இது இல்லையே என்கிற பொறாமை. ஆகவே அந்த ஞாயிறும் பேசினான். 'குளிருதா சாமி?' 'இல்லீங்கப்பா. அங்க?' 'இங்க குளிரு எலும்பக் கடிக்குது. எரநூறு அடியில பாறை. பிட்டு தேஞ்சு போச்சு.' தேய்ந்த துளைமுனையைப் பற்றி அவன் அக்கறையாகக் கேட்டான். ஒரு மகன் எப்படிக் கேட்பானோ அதைவிட நன்றாகவே கேட்டான்.

கலையரசன் அடங்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு, காலை பதினோரு மணிக்கு ஆபீஸ் போனில் மூன்று நிமிஷம் பேசலாம், வார்டன் பக்கத்தில் நிற்பான். மார்கழி மாசத்தில் பையன் அந்தப் போனில் அழுதான். "முடியலீங்கப்பா. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நம்மூர்ப் பள்ளிக்கூடத்துலயே படிச்சுக்கறேன்." அந்தப் பக்கம் பெரியசாமி, "என்ன சாமி, என்னாச்சு?" என்று பதறியது வெளியே கேட்டது. பையன் வார்டனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம இனி நான் வரமாட்டனுங்கப்பா" என்று மட்டும் சொன்னான். குணசீலன் விரலை வைத்துப் போனைத் துண்டித்தான்.

அன்றைக்கு நாலு மணிக்கு, அப்பன் கேட்பதற்கு முன்னாலேயே அவன் எழுதினான். யோசித்து, அழித்து, மறுபடி எழுதினான். 'காத்தால அழுததும் வரமாட்டேன்னதும் சும்மாங்கப்பா. அழற பசங்களுக்கு விடியக்காலம் நாலு மணிப் படிப்பு இல்லீங்க, அதுக்குத்தான். இன்னியும் அழுவேன், கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுவேன். நம்பாதீங்க.'

மொட்டைக்காளை ஊமைச்சியை ஒரு தடவை முட்டியது. அப்புறம் பதில் வந்தது: 'போடா கள்ளா. எனக்கே நெசமாட்டம் இருந்துச்சு. வண்டிய உட்டுட்டு ரயிலேறலாம்னு இருந்தேன்.'

அப்படியானால் அந்த ஆள் வந்திருப்பான். பையன் ஊருக்குப் போயிருப்பான், போன் விஷயம் வெளியே வந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி இல்லாமல் போயிருக்கும். தப்பித்தோம் என்று குணசீலன் மூச்சு விட்டான். ஒரு பையனுக்கு இருந்த ஒரே கதவை அடைத்துவிட்டு மூச்சு விட்ட மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

பொங்கலுக்குப் பிளஸ் டூவுக்கு லீவு இல்லை, ஸ்பெஷல் கிளாஸ். அடுத்த தடவை போனில் கலையரசன் அழுதபோது பெரியசாமி சிரித்தான். "சரி சாமி, சரி. நல்லா படி" என்றான். பையன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தான், மறுபடி காதில் வைத்தான். அதற்குள் மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் அழவில்லை. 'பார்த்தாயா, அடங்கிவிட்டான்' என்று குணசீலன் நினைத்துக்கொண்டான்.

தை மாசக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கலையரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிக் ரூமுக்கு வந்தான். குணசீலன் ஒரு வாயு மாத்திரை கொடுத்து வகுப்புக்கு அனுப்பினான். சனிக்கிழமை பையன் எழுந்திரிக்கவில்லை. வாந்தி எடுத்தான். குணசீலன் போய்ப் பார்த்தான். முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு வலப்பக்கமாகச் சுருண்டு கிடந்தான். இந்தச் சுருளல் குணசீலனுக்கு நன்றாகத் தெரியும். பதின்மூன்று வயதில் அவனும் இதே மாதிரிச் சுருண்டு காட்டியிருக்கிறான். தன் பொய்யைக் கொண்டு அடுத்தவன் வலியை அளந்தான், அதுதான் அவன் செய்த தப்பு.

ஞாயிறு பதினோரு மணிக்கு இரண்டு பையன்கள் கைத்தாங்கலாக அவனை ஆபீஸுக்குக் கூட்டி வந்தார்கள். "வகுறு வலி தாங்கலீங்கப்பா" என்றான். "நெசமாத்தானுங்க. இது நெசமாத்தானுங்க." பெரியசாமி வார்டனிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். "சார், பையன் அப்படித்தானுங்க சொல்லுவான். பரீச்சை முடியற வரைக்கும் உட்றாதீங்க. நீங்க இருக்கற தைரியத்துலதான் நான் இங்க கெடக்கறேன்." "சரிங்க, நான் பாத்துக்கறேன்" என்றான் குணசீலன். கலையரசன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் பேசுவதையும் கேட்டான்.

நாலு மணிக்கு மொட்டைக்காளை வந்தது. முட்டவில்லை, நின்றது. 'சாமி, காத்தால வகுறு வலின்னியே. கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு. இங்க சொல்லு. நெசமாவா?'

மேலே விநாடி ஓடியது. அறைக் கதவு திறந்திருந்தது, மாடியில் யாரோ வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. யார் என்று அவனுக்குத் தெரியும். 'நெசம்' என்று எழுதினால் இன்றைக்கே அந்த ஆள் ரயிலேறுவான். குணசீலன் எழுதினான்: 'இல்லீங்கப்பா. சும்மா.'

செவ்வாய்க்கிழமை காலையில் வலி நின்றுவிட்டது என்று பையன் சொன்னான். உள்ளே குடல்வால் வெடித்துச் சீழ் பரவியதால் நின்ற வலி அது. மத்தியானம் காய்ச்சலில் பிதற்றினான். பள்ளிக்கூட வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வயிற்றைத் திறந்த டாக்டர், ரெண்டு நாளைக்கு முன்னால கொண்டு வந்திருக்கணும் என்றார்.

பெரியசாமி வியாழக்கிழமை வந்து சேர்ந்தான். ரிக் வண்டியின் கல்மாவு சட்டையில் அப்படியே இருந்தது. ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நாற்காலியில் குணசீலன் உட்கார்ந்திருந்தான். உள்ளே அப்பன் குனிந்து மகன் வாயருகில் காதை வைத்ததைப் பார்த்தான். பையன் உதடு அசைந்தது, அப்பன் தலை நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தான். வெளியே வந்தபோது பெரியசாமி வார்டனைப் பார்த்தான். சட்டையைப் பிடிக்கவில்லை. கலையரசன் மறுநாள் வெள்ளிக்கிழமை விடிகாலையில் செத்துப்போனான். வயது பதினேழு.

பள்ளிக்கூடத்தில் இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். அறிவிப்பில் திடீர்க் காய்ச்சல் என்று சொன்னார்கள். தாளாளர் குணசீலனைக் கூப்பிட்டுக் கத்தினார். வாங்கிக்கொண்டு நின்றான். அறைக்கு வந்து, குழவியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அந்தப் போனை எடுத்தான். உடைத்துவிட்டால் முடிந்தது. குழவியைத் தூக்கினான், கீழே வைத்தான். அதற்குள் பத்துப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமையின் சாமி இருந்தது. அதை உடைக்க அவனுக்கு மனசு வரவில்லை. தான் உயிரோடு இருந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி.

முதல் ஞாயிறு போனது. போன் அசையவில்லை. அடுத்த சனிக்கிழமை அதில் ஒரு செய்தி வந்தது: 'உங்கள் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யப்பட்டது.' செத்தவன் போனுக்கு எவன் ரீசார்ஜ் போடுவான்? தானாகப் போகிற ஏற்பாடாக இருக்கும் என்று குணசீலன் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

ஞாயிறு நாலு மணிக்குப் போன் அதிர்ந்தது. 'அப்பா உங்களைக் களத்துக்கு அழைக்கிறார்.'

குணசீலன் எழுந்து உட்கார்ந்தான். மகன் போன துக்கத்தில் அந்த ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தான். செத்தவனோடு பேச ஆசைப்படுகிறான் போல, நாம் பேசினால் ஒரு ஆறுதல்தானே என்றுகூட நினைத்தான். மனுஷன் தன்னை ஏமாற்றிக்கொள்ள எங்கே வேண்டுமானாலும் போவான். 'வருகிறேன்' என்பதை அமுக்கினான். ஊமைச்சி வந்து நின்றது. 'அப்பா' என்று தட்டினான்.

எதிரில் மொட்டைக்காளை வரவில்லை. வந்தது பாழ்மணி, கோயில் மணி மாதிரி ஒரு சின்னப் பேய். பெரியசாமியிடம் இதுவரை பேயே கிடையாது. முதல் படியில் இருக்கிற பூதம், நேற்றோ இன்றைக்கோதான் பிடித்திருக்கவேண்டும். அது அடிக்கவில்லை. ஒரே ஒரு வித்தையைச் செய்தது. திரையில், 'பாழ்மணி துணைக்கு வா என்றது' என்று எழுத்து வந்தது. குணசீலனின் முறை. முப்பது விநாடி ஓடத் தொடங்கியது.

கீழே ஒரு வரி வந்தது. 'அடிங்க சார்.'

சாமி இல்லை. சார். குணசீலன் அந்த ஒரு சொல்லை மறுபடி படித்தான். ஐ.சி.யூ.வில் பையன் சொன்னது, போனை உடைத்ததைத்தான். அவன் வயிற்றில், தொப்புளுக்குக் கீழே, ஏதோ ஒன்று பிடித்து முறுக்கியது. இருபது விநாடி இருந்தது. ஓடிவிடலாம் என்று பார்த்தான். பேய்க்குத்தான் எந்தக் கட்டும் இல்லையே. 'களத்தை விட்டுப் போ' என்கிற இடத்தில் விரலை வைக்கப் போனான், விரல் தவறிப் பக்கத்தில் பட்டது.

கதவைத் தட்டிவிட்டு வாட்ச்மேன் குமாரசாமி தலையை நீட்டினான். "சார், கலையரசனோட அப்பா கேட்ல நிக்கறாருங்க. பையன் பெட்டிய எடுத்துட்டுப் போகோணுமாமா. கூட ஏட்டய்யாவும் எஸ்.ஐ.யும் வந்திருக்காங்க. உங்க ரூமையும் பாக்கோணும்ங்கறாங்க." குணசீலன் கையில் இருந்த போனை அவன் பார்த்தான். பள்ளிக்கூடமே உடைந்துபோனதாக நம்பிய போனின் திரை உள்ளங்கையில் எரிந்துகொண்டிருந்தது. "அந்தாளு கையிலயும் இதே ஆட்டந்தானுங்க ஓடுது" என்றான் குமாரசாமி.

விநாடி தீர்ந்தது. ஆட்டமே ஒரு அடியை எடுத்து அடித்தது. பேய் மேல் பேயின் அடி இரட்டிப்பாக விழுந்தது. பாழ்மணி விழுந்தது. விழும்போது ஊமைச்சியின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தது.

குணசீலன் கட்டிலில் முழங்காலை மடக்கி வலப்பக்கமாகச் சுருண்டான். வலி முறுக்கி முறுக்கி ஏறியது, இருபத்துநாலு வருஷமாக எங்கேயோ காத்துக்கொண்டு இருந்த வலி. "குமாரசாமி, எனக்கு வகுறு வலிக்குது" என்றான்.

"சும்மா எந்திரிங்க சார்."

"நெசமாத்தான். இது நெசமாத்தான்."

"சரிங்க சார், சரி. வாங்க, அவங்க நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, குமாரசாமி மூலையில் கிடந்த செருப்பைத் தேடி எடுத்து அவன் கட்டிலுக்கு முன்னால் போட்டான்.